அசையாமல் நின்ற குதிரைகள்

பத்மாராவ் நகர், செகந்திராபாத்

அன்புள்ள அம்மாடி,

நீ அனுப்பிய படக்கதையின் பன்னிரண்டு பக்கங்களையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்திருக்கிறேன். மூன்று நாளாக வீட்டில் எல்லாருக்கும் தரையில்தான் சாப்பாடு. யாரும் முணுமுணுக்கவில்லை. வருகிறவர், போகிறவர் எல்லாரும் ஏழாம் பக்கத்தின் முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் நகர்கிறார்கள்.

அந்த ஏழாம் பக்கத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. இடது கீழ்மூலையில் விரல்நகம் அளவுக்கு ஒரு பிரெஞ்சுப் படை. மீதிப் பக்கம் முழுக்க நிஜாம் நாசிர் ஜங்கின் பாசறை: கூடாரங்கள், யானைகள், தீப்பந்தங்கள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை தலைகள். மேலே கொட்டை எழுத்தில், ‘மூன்று லட்சம் பேருக்கு எதிராக எண்ணூறு பேர்!’ யானையின் முன்னங்கால் சேற்றில் புதையும் இடத்தில் நீ போட்டிருக்கும் நிழல், நாற்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்த எனக்குக் கைவராதது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்துச் சொல்லப்போவது உனக்கு வலிக்கும். அந்தப் பக்கம் பொய் சொல்கிறது.

முதலில் எண்களைப் பார்ப்போம். மூன்று லட்சம் என்பது ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆர்ம் எழுதிய கணக்கு. ஆனால் அது 1750 தொடக்கத்தில் நாசிர் ஜங் தமிழ் நிலத்துக்குள் இறங்கியபோது கூடிய படைக்கு. கூடவே 800 பீரங்கி, 1300 யானை என்கிறார். நீ வரைந்திருக்கும் டிசம்பர் இரவுக்கு அவரே தரும் கணக்கு 60,000 காலாள், 45,000 குதிரை, 700 யானை, 360 பீரங்கி. மிச்சம் இருந்ததெல்லாம் பாசறையோடு வாழ்ந்த ஜனம். கடை போட்டவர்கள், மாடு மேய்த்தவர்கள், ரொட்டி சுட்டவர்கள், பிள்ளை பெற்றவர்கள். நீ அவர்களையும் எதிரியாக எண்ணிவிட்டாய்.

எண்ணூறு? செஞ்சிக் கோட்டையிலிருந்து லா தூஷ் நடத்திப்போன படையில் ஐரோப்பியர் 800 பேர் என்பது சரிதான். அவர்களோடு நடந்த 3000 சிப்பாய்கள் எங்கே அம்மா? பத்துப் பீரங்கிகளைச் சேற்றில் இழுத்த மாடுகள் எங்கே, மாட்டுக்காரர்கள் எங்கே? வீரக் கதைக்கு எண் சிறியதாக இருந்தால் நல்லது என்று நம் ஆட்களை நீயே கழித்துவிட்டாய். பழைய ஐரோப்பியப் புத்தகங்கள் அப்படிக் கழித்தே பழகியவை. உன் கைக்கு அந்தப் பழக்கம் தொற்றக் கூடாது.

இதை உன்னைவிட மோசமாக நான் செய்திருக்கிறேன். முப்பது வயதில் ஒரு வார இதழின் சரித்திரத் தொடர்கதைக்கு ஆம்பூர்ப் போரை வரைந்தேன். யானை மேலிருந்து ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கான் சரிகிறார், கீழே வென்றவர்கள் வாளை உயர்த்துகிறார்கள். இரண்டு பக்கத்துக்கு விரித்துப் போட்டார்கள். பாராட்டுக் கடிதங்கள் வந்தன. ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் மட்டும் அஞ்சலட்டையில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். சண்டைக்கு மறுநாள் எங்கள் ஊர்க் கிணறுகளை யார் தூர் வாரினார்கள் என்று அடுத்த வாரம் வரைவீர்களா, என்று கேட்டிருந்தார். அடுத்த வாரம் கதை அரண்மனைக்குப் போய்விட்டது. நான் வரையவில்லை. அந்த அட்டை இன்னும் என் நிப்புப் பெட்டிக்குள் இருக்கிறது.

கதையை நீ நன்றாகப் படித்திருக்கிறாய். இருந்தாலும் வீட்டுப் பேச்சில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன், வேறு மாதிரி கேட்கும். முதல் நிஜாம், நிஜாம்-உல்-முல்க், 1748 ஜூன் மாதம் புர்ஹான்பூரில் இறந்தார். மூத்த மகன் காசியுத்தீன் தில்லியில். இரண்டாம் மகன் நாசிர் ஜங் பக்கத்தில் இருந்தார். கஜானா அவர் கைக்குப் போயிற்று. மகள் வயிற்றுப் பேரன் முசாஃபர் ஜங், உரிமை எனக்குத்தான், தில்லி பாதுஷாவின் பர்மானே இருக்கிறது என்று கிளம்பினார். உன் இரண்டாம் பக்கத்தில் முசாஃபர், நாசிரைப் பார்த்து ‘சித்தப்பா’ என்கிறான். நீ எந்த மொழிப் புத்தகத்தைப் பார்த்து எழுதினாய் என்று அந்த ஒரு சொல்லே காட்டிக்கொடுக்கிறது. அம்மாவின் கூடப் பிறந்தவர் சித்தப்பா எப்படி ஆவார்? அவர் தாய்மாமன். நம் ஊர் உருதுவில் மாமூ. அந்தக் குடும்பத்தில் தாய்மாமனுக்கு நம் வீட்டில் உள்ள சடங்கு எதுவும் கிடையாது. ஆனாலும் உன் வாசகர் தமிழர். தாய்மாமன் மருமகனுக்கு விலங்கு மாட்டினார் என்று படிக்கும்போது, காது குத்தியபோது தன்னை மடியில் வைத்துக்கொண்டவரை அவர் நினைப்பார். அந்த நினைப்பை உன் கதையிலிருந்து எடுத்துவிடாதே. இது இரண்டு நாடுகளின் போர் இல்லை. ஒரு வீட்டுப் பாகப்பிரிவினைக்குள் வெளியாட்கள் பீரங்கியோடு வந்து உட்கார்ந்த கதை.

ஆற்காட்டு நவாப் பதவிக்கு ஆசைப்பட்ட சந்தா சாகிப் மராட்டியர் பிடியிலிருந்து விடுபட்டு வந்து முசாஃபரோடு சேர்ந்தது, பாண்டிச்சேரியிலிருந்து பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே படை அனுப்பியது, 1749 ஆகஸ்ட் 3 அன்று ஆம்பூரில் அன்வருத்தீன் விழுந்தது, அவர் மகன் முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக்கு ஓடியது எல்லாம் நீ மூன்றே பக்கத்தில் சொல்லிவிட்டாய். போதும். அடுத்த வருஷம் தாய்மாமன் பெரும்படையோடு வந்ததும், வழுதாவூர் அருகே பிரெஞ்சு அதிகாரிகளே சம்பளச் சண்டை போட்டுக் கலைந்ததும், தனித்துப்போன மருமகன் சரணடைந்ததும்கூடச் சரியாக இருக்கின்றன. நான் நிற்பது அதற்குப் பிறகு வரும் மழையில்.

1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் செஞ்சியைப் பிடித்தார். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றும் கைமாறின. நாசிர் ஜங் செஞ்சியை நோக்கி நகர்ந்தார். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. ஆறுகள் பெருகின. அந்த மாபெரும் பாசறை இருந்த இடத்திலேயே இரண்டு மாதத்துக்கு மேல் கிடந்தது. நீ இதற்கு ஒரே ஒரு கட்டம் ஒதுக்கியிருக்கிறாய், அதிலும் மழைக்கோடுதான் இருக்கிறது. நான் இதற்கு நான்கு பக்கம் கொடுப்பேன். ஈரமான கூடாரத் துணி எப்படித் தொங்கும்? தீவனம் இல்லாத யானை எதைத் தின்னும்? தக்காணத்துப் படைகளுக்குத் தானியம் சுமந்தவர்கள் லம்பாடிகள். அவர்களுடைய பொதிமாட்டு வரிசை ஆற்றின் மறுகரையில் வந்து நின்றால் இந்தக் கரையில் அரிசி என்ன விலை விற்கும்? காய்ச்சலில் கிடப்பவன் தன் பக்கத்துக் கூடாரத்துக்காரனிடம் என்ன பேசுவான்? நாம் எப்போது வீட்டுக்குப் போவோம் என்றுதான் கேட்பான். அந்தக் கேள்விக்குள்தான் துய்ப்ளேயின் கடிதங்கள் நுழைந்தன.

கடப்பை, கர்நூல், சவனூர் ஆகிய மூன்று ஊர்ப் பட்டாணிய நவாபுகளும் நாசிர் ஜங்கின் கொடிக்குக் கீழேதான் வந்திருந்தார்கள். முசாஃபரைச் சரணடையச் சொல்லி நடுவில் நின்றவர்கள், தங்கள் சொல் காப்பாற்றப்படவில்லை என்ற மனக்குறை உள்ளவர்கள். அவர்களோடு மாதக்கணக்கில் பேச்சு நடந்தது. யார் எப்போது நகர்வது, யார் நகராமல் நிற்பது, யாருக்கு என்ன பங்கு என்று எல்லாம் முன்கூட்டியே பேசி முடிந்தது. இதே சமயத்தில் நாசிர் ஜங்கும் துய்ப்ளேயோடு சமாதானம் பேசிக்கொண்டிருந்தார் என்பதுதான் நெஞ்சைப் பிசைகிற இடம். ஒப்பந்தத்துக்கு அவர் இசைந்துவிட்டார். சண்டை வேண்டாம் என்ற ஆணை செஞ்சிக்குப் போய்ச் சேருமுன் லா தூஷ் கிளம்பிவிட்டார். ஒரு குதிரைக்காரன் ஒரு நாள் முந்தியிருந்தால் உன் படக்கதையே இல்லை. சேற்றில் போகும் அந்தக் குதிரைக்காரனுக்கு உன் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

இனி அந்த இரவு. 1750 டிசம்பர் 16, விடியல் நாலு மணி வாக்கில் முதல் குண்டு. ஆங்கிலேயர் புத்தகங்களில் டிசம்பர் 5 என்று பார்த்துக் குழம்பியிருக்கிறாய், இரண்டு இடத்தில் இரண்டு தேதி போட்டிருக்கிறாய். அவர்கள் அப்போது பழைய நாட்காட்டியில் இருந்தார்கள், பதினொரு நாள் பின்தங்கியது. ஹிஜ்ரிக் கணக்கில் அது 1164 முஹர்ரம் 17. இதை ஏன் சொல்கிறேன் தெரியுமா? முஹர்ரம் 17 என்றால் முழுநிலவு கழிந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும். விடியலுக்கு முன் நிலா மேற்கு வானத்தில் இருக்கும். நீ ஏழாம் பக்கத்தை முழுக் கறுப்பில் தோய்த்திருக்கிறாய். மேகம் மூடியிருந்தது என்று வைத்துக்கொண்டாலும், மேகத்துக்குப் பின்னால் நிலா இருக்கிற இரவும் அமாவாசை இரவும் ஒன்றல்ல. நனைந்த பூமி அந்த வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும். தகர நிறத்தில் ஒரு சாம்பல் வரும் பார், மழைக்கால விடியலில் உசேன் சாகர் கரையில் நின்றால் தெரியும். அதுதான் உன் வண்ணம். வேறொரு காரணத்துக்காகவும் அந்த மாதத்தை மறக்காதே. முஹர்ரம் துக்க மாதம். நம் ஊரில் நாசிர் ஜங்கை இன்றும் ஷஹீத் என்ற அடைமொழியோடுதான் சொல்வார்கள்.

பாசறையின் முன்காவல் உடைந்தது. பீரங்கிகள் பேசின. நாசிர் ஜங்கின் சொந்தப் படையினர் சண்டை போட்டார்கள், மணிக்கணக்கில் போட்டார்கள், செத்தார்கள். அது உண்மையான சண்டை. பிரெஞ்சுக்காரர்கள் ஒவ்வொரு கூட்டமாக உடைத்துக்கொண்டு முன்னேறினார்கள். வெளிச்சம் வந்தபோது அவர்களுக்கு முன்னால் ஒரு பெரும் குதிரைப்படை வரிசையாக நின்றது. அது பாய்ந்திருந்தால் அன்று லா தூஷின் ஆட்கள் ஒருவரும் செஞ்சி திரும்பியிருக்கமாட்டார்கள். ஆனால் அந்த வரிசையின் நடுவே ஒரு யானை. அதன் மேல் ஒரு பெரிய வெள்ளைக் கொடி. பேசிவைத்த அடையாளம் அது. குதிரைகள் அசையவில்லை.

அம்மாடி, உன் கதை முழுக்க அங்கேதான் இருக்கிறது. அசையாமல் நின்ற அந்தக் குதிரைகளில். சிறு படை பெரும் படையை வென்றது என்கிறோமே, அந்தப் பெரும் படையில் ஒரு பெரும்பங்கு வெறுமனே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நின்றவர்கள் எல்லாருக்கும் காரணம் தெரியுமா? நவாபுக்குத் தெரியும், அவருடைய தளபதிகள் சிலருக்குத் தெரியும். கடைசி வரிசையில் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்திருந்த பையனுக்குத் தெரியாது. தன் கண் முன்னால் தன் பக்கத்து ஆட்கள் சாகிறார்கள், தன்னை நகராதே என்கிறார்கள். அந்தப் பையனின் முகத்தை வரைய முடிந்தால் நீ ஓவியர். ஏழாம் பக்கத்தில் நீ வரைந்திருப்பது கூட்டத்தின் தலைகள் மட்டும்.

நாசிர் ஜங் தன் யானையை அந்த அசையாத படையை நோக்கியே செலுத்தினார். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்கப் போனார். ஒரு நவாபின் துப்பாக்கி பதில் சொன்னது. சுட்டவர் கடப்பைக்காரர் என்கிறது ஒரு பதிவு, கர்நூல்காரர் என்கிறது இன்னொன்று. உனக்கு உறுதியில்லாதபோது நவாபின் முகத்தை வரையாதே, துப்பாக்கியை வரை. தலையைக் கொய்து ஈட்டியில் தூக்கினார்கள். விலங்கோடு கிடந்த முசாஃபரை யானை மேல் ஏற்றினார்கள். நீ இங்கே முடித்துவிட்டாய். பன்னிரண்டாம் பக்கத்தில் பூமாலை, முரசு, ‘முற்றும்’. பாண்டிச்சேரியிலும் அப்படித்தான் கொண்டாடினார்கள். பிரெஞ்சுக்காரர் பக்கத்தில் உயிர்ச்சேதம் குறைவு, வெற்றி மலிவாகக் கிடைத்தது என்றுதான் அன்றைக்கு நினைத்திருப்பார்கள்.

விலை அடுத்த அறுபது நாளில் வரத் தொடங்கியது. அந்த அறுபது நாளை வரை.

பேசிய பங்கைக் கேட்டு மூன்று நவாபுகளும் வந்து நின்றார்கள். கஜானாவில் பாதி, திறையில் தள்ளுபடி, புதிதாக நிலம். பாண்டிச்சேரியில் துய்ப்ளே முகலாயப் பிரபு போல உடுத்துக்கொண்டு தர்பாரில் உட்கார்ந்து, கிருஷ்ணா நதிக்குத் தெற்கே உள்ள நாட்டுக்குத் தலைவர் என்று பட்டம் வாங்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் கணக்கு நடந்துகொண்டிருந்தது. கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. 1751 ஜனவரியில் முசாஃபர் ஜங் புஸ்ஸியோடு ஹைதராபாத்தை நோக்கிக் கிளம்பினார். சுமார் 300 ஐரோப்பியர், 2000 சிப்பாய்கள். பிப்ரவரியில் ராயசோட்டி அருகே, லக்கிரெட்டிப்பள்ளிக் கணவாயில், அதே நவாபுகள் வழியை மறித்தார்கள். டிசம்பரில் அசையாமல் நின்ற அதே குதிரைகள்தான், இப்போது பாய்ந்தன. முசாஃபர் ஈட்டி பாய்ந்து செத்தார். கர்நூல் நவாபும் சவனூர் நவாபும் அந்தக் களத்திலேயே செத்தார்கள். கடப்பை நவாபு காயத்தோடு ஓடினார். வாங்கியவரும் விற்றவரும் ஒரே பள்ளத்தாக்கில் கிடந்தார்கள். தாய்மாமன் செத்து இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை.

அன்று புஸ்ஸி செய்ததை நிதானமாகப் பார். செத்தவரின் கைக்குழந்தை இருந்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டு, பாசறையிலேயே காவலில் இருந்த நாசிர் ஜங்கின் தம்பி சலாபத் ஜங்கை நிஜாம் ஆக்கினார். டிசம்பரில் எந்தக் குடும்பத்துக் கிளையைத் தோற்கடிக்கப் போனார்களோ, பிப்ரவரியில் அந்தக் கிளையையே அரியணையில் உட்காரவைத்தார்கள். அப்படியானால் அந்த இரவில் செத்தவர்கள் எதற்காகச் செத்தார்கள்? இந்தக் கேள்வியைப் பேச்சுக் குமிழில் எழுதாதே. காட்சிகளை அடுத்தடுத்து வைத்தால் வாசகரே கேட்டுக்கொள்வார்.

பிறகு வந்த சாவுகளை நீ நீட்ட வேண்டாம், தெரிந்துவைத்திரு. சதியில் பங்கெடுத்து, திவான் ஆகி, ராஜா ரகுநாத் தாஸ் என்று பட்டம் பெற்றவரைச் சம்பளப் பாக்கி கேட்ட சிப்பாய்கள் 1752 இல் குத்திக் கொன்றார்கள். சந்தா சாகிப் அதே வருஷம் ஜூனில் ஸ்ரீரங்கத்துப் பக்கம் தலை இழந்தார். மூத்தவர் காசியுத்தீன் தன் பங்கைக் கேட்டு ஔரங்காபாத் வந்து விஷத்தில் செத்தார். அந்த இரவை வென்ற லா தூஷ் பிரான்ஸிலிருந்து மறுபடி வரும் வழியில் கப்பல் தீப்பிடித்துக் கடலில் போனார். துய்ப்ளே 1754 இல் திருப்பி அழைக்கப்பட்டு, கடனோடு பாரிஸில் 1763 இல் இறந்தார். சலாபத் ஜங்கைத் தம்பி நிஜாம் அலி இறக்கிவிட்டு பீதர் கோட்டையில் வைத்தார், அங்கேயே முடிந்தது.

நம் ஊருக்கு வருவோம். ஹைதராபாத்தில் ஆட்டோக்காரரைக் கேட்டாலும் ஏழு நிஜாம்கள் என்பார். முதல் ஆசஃப் ஜாவுக்கு அடுத்தது யார்? நிஜாம் அலி, இரண்டாம் ஆசஃப் ஜா. நடுவில் நாசிர், முசாஃபர், சலாபத் என்று மூன்று பேர் ஆண்டிருக்கிறார்கள், 1748 முதல் பதினாலு வருஷத்துக்குக் கிட்ட. தில்லி அவர்களுக்கு ஆசஃப் ஜா பட்டம் கொடுக்கவில்லை என்பதால் அவர்கள் எண்ணிக்கையில் இல்லை. நீ யாருடைய வெற்றியைப் பன்னிரண்டு பக்கம் வரைந்தாயோ, அந்த முசாஃபர் ஜங் இந்த ஊர்க் கணக்கிலேயே கிடையாது. சலாபத் காலத்தில் தொடங்கியது என்று சொல்கிற சௌமஹல்லா அரண்மனைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து கோட்டுப்படம் போடு. விளக்குகளை வரையாதே, அதை எல்லாரும் வரைகிறார்கள். சுவரில் யாருடைய படம் இருக்கிறது, யாருடைய படத்தை நீ தேட வேண்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வா.

இன்னொரு விஷயம். வெற்றிக்கு ஊர்ப்பெயர் வைக்கிற ஆசை இந்தக் குடும்பத்துக் கதையில் இரண்டுமுறை வருகிறது. 1724 இல் நிஜாம்-உல்-முல்க் ஹைதராபாத்தின் சுபேதார் முபாரிஸ் கானை ஷகர்கேடாவில் கொன்று தக்காணத்தைத் தனதாக்கிக்கொண்டார். ஒரே பாதுஷாவின் இரண்டு அதிகாரிகள் போட்ட சண்டை அது. அந்த ஊருக்கு ஃபதேகேடா என்று பெயர் வைத்தார்கள். ஃபதே என்றால் வெற்றி. இருபத்தாறு வருஷம் கழித்து அவர் மகன் விழுந்த இடத்தில் துய்ப்ளே ஒரு ஊர் எழுப்பத் தொடங்கினார், துய்ப்ளே ஃபதேகாபாத் என்று. 1752 இல் ஆங்கிலேயத் தளபதி கிளைவ் வந்து இடித்துத் தள்ளினார். இரண்டு ஊர்ப்பெயர்களையும் ஒரே எழுத்துருவில் எழுதி, ஒன்று கதையின் தொடக்கத்தில், ஒன்று கடைசியில் வைத்துப் பார்.

யாரை நம்பி வரைவது என்று கேட்டிருந்தாய். ஆர்ம் ஆங்கிலேயர்; பிரெஞ்சுக்காரரின் வெற்றியைச் சதியாகக் காட்டுவதில் அவருக்கு லாபம் உண்டு, ஆனால் களத்தின் நடப்பை அவ்வளவு துல்லியமாக எழுதியவர் குறைவு. நாசிர் ஜங்கோடு இருந்த ஷா நவாஸ் கான் பாரசீகத்தில் அமீர்களின் வரலாற்றைத் தொகுத்தவர். தோற்ற பக்கத்தின் துக்கம் அவரிடம் இருக்கும். நமக்கென்று ஒருவர் இருக்கிறார்: ஆனந்தரங்கப் பிள்ளை. துய்ப்ளேயின் துபாஷி. 1736 முதல் தமிழிலேயே நாட்குறிப்பு எழுதியவர். வியாபாரியின் கண் அவருடையது. சரக்கு, வட்டி, யார் யாருக்கு என்ன நஜர் கொடுத்தார்கள், யார் முகம் எப்போது சுருங்கியது என்று பார்க்கும் கண். முசாஃபர் ஜங்கிடம் அவரும் மன்சப் பட்டம் வாங்கினார் என்பதையும் மறக்காதே. அவருக்கும் அந்த வெற்றியில் பங்கு உண்டு. ஒவ்வொரு கட்டத்தையும் வரையுமுன் இது யாருடைய ஜன்னல் வழியாகத் தெரிகிறது என்று ஓரத்தில் பென்சிலால் ஒரு எழுத்துப் போட்டுவை. ‘ஆ’, ‘ஷா’, ‘பி’. எந்த எழுத்தும் போட முடியாத கட்டங்கள் நிறைய வரும். அவை சிப்பாயின் கட்டங்கள், மாட்டுக்காரரின் கட்டங்கள். அவர்கள் எழுதி வைக்கவில்லை. அங்கேதான் உன் கற்பனைக்கு வேலை, அங்கேதான் அதற்கு உரிமையும்.

சிப்பாய்களுக்குச் சிவப்புக் கோட்டு மாட்டியிருக்கிறாய், அதைக் கழற்றிவிடு. அது பிற்காலத்து ஆங்கிலேயச் சிப்பாயின் படம்.

செஞ்சி என்றால் நம் மக்கள் யாரைப் பாடுகிறார்கள்? தேசிங்கு ராஜனை. 1714 இல் ஆற்காட்டு நவாபின் பெரும்படைக்கு முன்னால் சிறு கூட்டத்தோடு போய்ச் செத்த இளைஞன். அவனும், மோவுத்துக்காரன் என்ற அவன் முஸ்லிம் நண்பனும், அவர்கள் குதிரைகளும் தெருத்தெருவாகப் பாட்டில் வாழ்ந்தார்கள். தோற்றவன் அவன். அதே செஞ்சி வட்டாரத்தில் முப்பத்தாறு வருஷம் கழித்து, அதைவிடப் பெரிய களத்தில், சிறு படை வென்றே விட்டது. அதை ஊர் ஊராகப் பாடியவர்களை நான் கேட்டதில்லை. எனக்கு இது பல வருஷமாக மனதில் ஓடும் விஷயம். தேசிங்கின் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் சண்டை போட்டார்கள், அதனால் பாடகனுக்கு வாய் எழுந்தது என்று நினைக்கிறேன். இங்கே கொடி தூக்கிய யானையை எந்த ராகத்தில் பாடுவது? பாட்டால் முடியாததைக் கோட்டால் செய்ய முடியும், அம்மாடி. உன் கலைக்கு வாய் தேவையில்லை. ஒரு குதிரை நிற்பதை வரைந்தால், அது நிற்கிறது, அவ்வளவுதான். நீ இந்தக் கதையை எடுத்தாய் என்று கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்தது அதனால்தான்.

தெலுங்கு நண்பர்களிடம் பொப்பிலிப் போரைப் பற்றிக் கேள். 1757 ஜனவரி. சலாபத் ஜங் கொடுத்த கடற்கரைச் சர்க்கார்களில் வரி தண்டப் போன புஸ்ஸி, விஜயநகரத்து ராஜாவின் பகைக்குத் துணைபோய்ப் பொப்பிலிக் கோட்டையைச் சுற்றினார். அந்தப் போரைப் பாடும் புர்ரகதையை நல்ல கலைஞர் ஒருவர் சொல்லக் கேட்டால், தம்புரா ஓய்கிற இடத்தில் கூட்டம் மூச்சை அடக்குவது தெரியும். செஞ்சி இரவின் கடன் ஆந்திரக் கரை வரைக்கும் போய் வசூலானது என்று அப்போது உனக்கு விளங்கும். இதை உன் கதைக்குள் கொண்டுவர வேண்டாம். உன் கைக்குள் இருந்தால் போதும், கோடு அழுத்தமாக விழும்.

வேலைக்கு வருகிறேன். பன்னிரண்டு பக்கம் போதாது, இருபத்து நாலு ஆக்கு. மழைக்கு நான்கு. இரவுக்கு ஐந்து. அதில் அசையாத படைக்கு மட்டும் எதிரெதிராக இரண்டு முழுப்பக்கம், ஒரு சொல்கூட இல்லாமல். அறுபது நாளுக்கு ஆறு. ராயசோட்டிக் கணவாயைச் செஞ்சிக் களத்தின் அதே கோணத்தில் வரை, அதே தொடுவானம், அதே உயரத்தில் யானை. கொட்டை எழுத்துத் தலைப்பை எடுத்துவிடு. எண் வேண்டும் என்றால் கதைக்குள் கணக்குப்பிள்ளை ஒருவர் தினமும் அரிசி அளந்து கொடுக்கும்போது சொல்லட்டும். இந்தத் திருத்தங்களுக்குப் பதிப்பாளர் முகம் சுளிக்கலாம். எனக்குச் சுளித்திருக்கிறார்கள். சண்டை எங்கே, சண்டை எங்கே என்று கேட்பார்கள். பக்கங்களைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திரு.

அடுத்த புதன்கிழமை தார்நாகா ஆவணக் காப்பகத்துக்குப் போகிறேன். முகலாயர் காலத்துப் பாரசீகக் காகிதங்கள் அங்கே இருக்கின்றன. எனக்குப் பாரசீகம் வாசிக்க வராது, படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் கூட வருகிறார். நீயும் வா. படைவீரர் சம்பளப் பதிவுகளில் ஆளின் பெயரோடு குதிரையின் நிறத்தையும் சூட்டுக்குறியையும் எழுதும் வழக்கம் அந்தக் காலத்தில் உண்டு. குதிரை வரைகிறவள் அந்த வரிகளை ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

பதினோரு பக்கங்களை என்னிடம் வைத்துக்கொண்டு ஏழாம் பக்கத்தை மட்டும் இதோடு திருப்பி அனுப்புகிறேன். பின்புறத்தில் நான் பென்சிலால் ஒரு சின்னக் கோட்டுரு போட்டிருக்கிறேன். சாம்பல் வெளிச்சம், பிடரி நனைந்த குதிரைகள் ஒரே வரிசையாக, தூரத்தில் யானையும் கொடியும். அந்த வரிசையில் ஒரு பையன் கடிவாளத்தைப் பிடித்திருக்கிறான். அவன் கைகளைப் போட்டுவிட்டேன். முகம் போடவில்லை.

அன்புடன்,
மாமா